ஆப்பில் வாங்கிய ஆக்சிஜன்

தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். மெஷின் ரூமில் என் இடத்தில் இப்போது இருக்கும் நிஷா போன் செய்து, "மேடம், உங்க சர்வீஸ் அனுபவத்தை எழுதிக் குடுங்க. கொஞ்சம் சந்தோஷமா இருக்கற மாதிரி எழுதுங்க" என்றாள். சந்தோஷமாக எழுத நான் என்ன பிரசவ வார்டிலா இருந்தேன்? மூச்சு முட்டுகிறவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற பெட்டிகளைப் பழுது பார்த்தவள். சர்வீஸ் முழுக்கப் பயந்து பயந்துதான் வேலை செய்தேன். ஓய்வு பெற்றால் பயம் ஆஸ்பத்திரியிலேயே நின்றுவிடும் என்று நினைத்தேன். அது எனக்கு முன்னால் பஸ் ஏறி கும்பகோணத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது அந்தப் பயம் போன் வழியாக வருகிறது. பழைய சாமான்கள் விற்கிற ஆப்பைத் திறந்து ஆக்சிஜன் மெஷின் என்று தேடுவேன். படம் படமாக வரும். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பேன். "வாங்கவும் போறதில்ல, விக்கவும் போறதில்ல, உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நிஷா மலரில் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, டிவி ரிப்பேர் கடையில் உட்கார வேண்டியவள், ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் ஸ்க்ரூ கழற்றுவதிலும் தூசி தட்டுவதிலும் ஓடிப்போயின. அவற்றில் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது தாமோதரன் சாரைப் பற்றி.

அவர்தான் எங்கள் மெஷின் ரூமுக்குத் தலைவர். குரல் உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் "ஏம்மா விஜயா" என்பவர், "விஜயா அவர்களே, நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க" என்று சொன்னால் அன்றைக்கு நமக்கு ஏழரை என்று அர்த்தம். வார்டிலிருந்து ஒரு மெஷின் பழுதாகி வந்தால் உடனே பிளக்கில் சொருகுவதற்கு அவர் விட்டதே இல்லை. முதலில் மெதுவாக ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார், உள்ளே ஏதாவது உருளுகிறதா, சலசலக்கிறதா என்று. பிறகு பின்னால் இருக்கும் ஃபில்டரை எடுத்து மோந்து பார்ப்பார். பிறகு அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களை விரலால் தடவுவார், துரு ஒட்டுகிறதா என்று. இதெல்லாம் முடிந்த பிறகும் பிளக் கிடையாது. வார்டுக்கு நடந்துபோய், அந்த மெஷினை யார் துடைத்தார்கள், எதை வைத்துத் துடைத்தார்கள், ஜன்னல் ஓரமாக இருந்ததா, சுவர் ஓரமாக இருந்ததா என்று விசாரிப்பார். அதுவரை நாங்கள் காத்திருக்க வேண்டும். சிறு வயதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். ரிப்பேர் செய்கிறவருக்கு ஜன்னல் எதற்கு?

எங்கள் ஆஸ்பத்திரியில் இன்னொரு வழக்கம் அவர் கொண்டுவந்தது. இனி உதவாது என்று தள்ளிய மெஷினைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன்னால், அதன் மின்சார ஒயரை அடியோடு வெட்டிவிட வேண்டும். உள்ளே இருக்கும் குழாய்களையும் உடைத்துவிட வேண்டும். ஒரு முறை நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, வெட்டாமல் கொடுத்தால் நல்ல விலை வருமே என்றார். தாமோதரன் சார் சிரித்துக்கொண்டே, "நல்ல விலை குடுத்து வாங்கறவர் இதைப் பால் கறக்கவா வாங்குவார்? யாரோ ஒருத்தர் மூக்குல மாட்டத்தானே வாங்குவார்?" என்று கேட்டுவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒயரை வெட்டினார்.

அப்போதெல்லாம் நோயாளிகளின் சாமான்கள் கைமாறுவதற்கு ஒரே இடம், எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மருந்துக்கடையின் சுவர். "கட்டில் விற்பனைக்கு", "வீல்சேர் விற்பனைக்கு" என்று சிறு சீட்டுகள் ஒட்டியிருக்கும். கடைக்காரருக்கு எல்லாக் குடும்பமும் தெரியும். வாங்குகிறவர் விற்கிறவர் வீட்டுக்குப் போவார். உட்காரச் சொல்வார்கள், காபி கொடுப்பார்கள், சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். யார் படுத்த கட்டில், எதனால் விற்கிறார்கள் என்று கேட்காமலே தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் காபியைக் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

பிறகு ஆப் வந்தது. தொடக்கத்தில் அதுவும் அந்தச் சுவர் மாதிரிதான் இருந்தது. எங்கள் அத்தை காலமான பிறகு அவருடைய வாக்கரை நானே அதில் விற்றேன். என் நம்பர் ஊருக்கே தெரிய, குளிக்கப் போனாலும் போன் அடித்தது. மன்னார்குடியிலிருந்து ஒருவர் மனைவியோடு பைக்கில் வந்தார். அந்த அம்மா எங்கள் ஹாலில் வாக்கரைப் பிடித்து நடந்து பார்த்து, அத்தை படத்தைப் பார்த்து, "எத்தனை வயசு இருந்தாங்க?" என்று கேட்டார். விலையைக் கொஞ்சம் குறைத்தார்கள். கொடுத்தேன். அவ்வளவுதான் வியாபாரம்.

இப்போது அப்படி இல்லை. நம்பர் தெரியாது. பேச வேண்டியதையும் ஆப்பே எழுதி வைத்திருக்கிறது: "இன்னும் இருக்கிறதா?", "கடைசி விலை என்ன?" விரலால் தொட்டால் போய்விடும். பொருளின் நிலை என்ன என்ற கேள்விக்கும் மூன்று நான்கு பதில்களை அதுவே வைத்திருக்கிறது. எல்லோரும் "மிக நல்ல நிலை" என்பதைத்தான் தொடுகிறார்கள். வீட்டில் வைத்திருந்தவர்கள் மாதிரி வியாபாரிகளும் விளம்பரம் போடுகிறார்கள். பணத்தைக் கட்டினால் பார்சல் வீட்டுக்கு வந்துவிடும். யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டாம், காபி குடிக்க வேண்டாம். ஆப் இல்லாவிட்டால் ஏழைபாழைகள் இந்த விலைக்கு எதையும் வாங்கியிருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் அதைத் திட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிக்கிறேன்.

கொரோனா சமயத்தில் வசதி உள்ளவர்கள் வீட்டுக்கு வீடு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற இந்த மெஷினை வாங்கினார்கள். அலை ஓய்ந்ததும் எல்லாம் ஆப்பில் வந்து குவிந்தன. நான் ஓய்வு பெற்றதும் அதற்குப் பிறகுதான்.

போன அறுவடை சமயம். நிஷா கூப்பிட்டாள். வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் சரோஜாம்மா என்பவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. பல வருடங்கள் அரிசி ஆலையில் உமித் தூசியில் வேலை பார்த்தவர். வீட்டிலேயே மெஷின் வைத்துப் பெரும்பாலான நேரம் ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். மகன் குமரேசன் மெஷின் வாங்கிவிட்டான். ஆனால் அம்மாவுக்கு மூச்சு இரைப்பு குறையவில்லை.

"ரெண்டு தடவை அட்மிட் ஆயிட்டாங்க மேடம். இங்க இருந்தா நல்லாயிடறாங்க. வீட்டுக்குப் போனா மறுபடி விழுந்துடறாங்க. நோய் முத்திடுச்சு, இனிமே அலைக்கழிக்க வேண்டாம்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லி விட்டுட்டாங்களாம்" என்றாள் நிஷா.

ஆஸ்பத்திரியில் குழாய் ஆக்சிஜன். வீட்டில் மெஷின் ஆக்சிஜன். இங்கே தேறுகிறவர் அங்கே போய் விழுந்தால் நடுவில் மாறுவது என்ன?

"மெஷின் எங்க வாங்கினாங்க?"

"ஆப்லதானாம்."

மெஷினிலிருந்து வரும் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சிறிய கருவியை அனுமதி வாங்கி எடுத்து வரச் சொன்னேன். நிஷா வீடும் கும்பகோணம்தான். மறுநாள் காலையில் அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு போனேன். வழியெல்லாம் தார் ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார்கள். நிஷா அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். எனக்கோ, நாம் போவதற்குள் அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று படபடப்பு. கிளம்பும் முன்பே குமரேசனுக்குப் போன் செய்து, வலங்கைமானில் எங்காவது சிலிண்டர் வாடகைக்குக் கிடைத்தால் உடனே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன்.

வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சரோஜாம்மாவின் வீட்டுக்காரர் ராஜேந்திரன், குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறவர், தோளில் துண்டோடு எழுந்து வந்து, "வாங்கம்மா. பாத்துட்டுப் போங்க" என்றார். என்னையும் துக்கம் விசாரிக்க வந்தவளாகத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுக்க முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. விரலில் மாட்டியிருந்த கருவி ரத்தத்து ஆக்சிஜனை எண்பத்திரண்டு என்று காட்டியது; தொண்ணூறாவது இருக்க வேண்டும். மூக்கில் குழாய். பக்கத்தில் மெஷின் நல்ல கம்பீரமான சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்பக்கத் தண்ணீர் பாட்டிலில் குமிழி பொங்கிக்கொண்டிருந்தது.

"சத்தம் சுத்தமா இருக்கு மேடம்" என்றான் குமரேசன். அவன் நெல் அறுக்கிற பெரிய மெஷின் ஓட்டுகிறவன். "இன்ஜின்ல தட்டல் கிட்டல் எதுவும் இல்ல. காத்தும் நல்லா வருது. நானே மூக்குல வச்சுப் பாத்தேன்."

"சிலிண்டர்?"

"வந்துடுச்சு மேடம். வெளிய இருக்கு."

முதல் வேலையாகக் குழாயை மெஷினிலிருந்து பிடுங்கிச் சிலிண்டரில் மாட்டச் சொன்னேன். வால்வை நானே திறந்தேன். எல்லோரும் அந்த அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம். எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு. எண்பத்து நான்கு. எண்பத்தேழு. கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்று இரண்டில் வந்து நின்றது. சரோஜாம்மா கண்ணைத் திறந்து, "யாரு இவங்க?" என்று கேட்டார். ராஜேந்திரன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். வாசலில் யாரோ ஓவென்று அழுதார்கள். அவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள். நிஷா ஓடிப்போய், "நல்லா இருக்காங்க, நல்லா இருக்காங்க" என்று கத்தினாள்.

பிறகுதான் மெஷினிடம் போனேன். நிஷா கொண்டுவந்த கருவியை மாட்டி அளவைப் பார்த்தேன். வெளிக்காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு இருபத்தொன்று. நல்ல மெஷின் தொண்ணூறுக்கு மேல் தரும். இது முப்பதைக்கூடத் தொடவில்லை. அந்த அம்மாவின் மூக்கில் இத்தனை நாளாகப் போனது, டேபிள் ஃபேனைப் போட்டாலே கிடைக்கக்கூடிய காற்று.

"லைட் எரியலையா?" என்று கேட்டேன். இந்த மாதிரி மெஷினில் வரிசையாக மூன்று விளக்குகள் உண்டு. ஆக்சிஜன் சரியாக வந்தால் பச்சை. குறைந்தால் மஞ்சள். மெஷினே பழுது என்றால் சிவப்பு.

"லைட்டா? அதுல லைட்டெல்லாம் இல்லைங்களே" என்றான்.

குனிந்து பார்த்தேன். மெஷின் வந்த அன்று பூஜை போட்டிருக்கிறார்கள். நடுவில் வாகாக ஓர் இடம் பார்த்துச் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்திருக்கிறார்கள். டிராக்டர் வந்தால் வைக்கிறோம், பீரோ வந்தால் வைக்கிறோம், உயிரைக் காக்க வந்த பெட்டிக்கு வைக்காமல் இருப்பார்களா? ஈரத் துணியால் துடைத்தேன். உள்ளேயிருந்து மஞ்சள் விளக்கு எரிந்தது.

புது மெஷின் வாங்கினால் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து விளக்கு விளக்காகக் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். புத்தகம் ஒன்றும் தருவார். ஆப்பில் வந்த மெஷினோடு காற்றுக் குமிழி வைத்த பிளாஸ்டிக் தாள் மட்டும்தான் வந்தது. குமரேசன் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் இன்ஜின் சத்தத்தை மட்டும்தான் மேடம் பாத்தேன்" என்றான்.

மெஷினைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் ஸ்க்ரூ எல்லாம் துரு. பின்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே ஓரங்களில் தண்ணீர் நின்று காய்ந்த வெள்ளைக் கறை. இந்த மெஷினுக்குள் இரண்டு குழாய்கள் நிறைய, ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் இருக்கும். காற்றில் உள்ள நைட்ரஜனை அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ஆக்சிஜன் தனியாக வருகிறது. அவற்றுக்கு ஈரம் ஆகவே ஆகாது. தண்ணீரைக் குடித்துவிட்டால் பிறகு நைட்ரஜனைப் பிடிக்காது. மெஷின் ஓடும், சத்தம் வரும், குமிழி வரும். ஆக்சிஜன் மட்டும் வராது.

வெள்ளத்தில் மூழ்கிய மெஷினாக இருக்கும் என்று நினைத்தேன். வியாபாரி எவனோ மொத்தமாக வாங்கித் துடைத்து விற்கிறான், இதுபோல் இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் மூக்கில் மாட்டியிருக்கிறானோ என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குமரேசன் ஆப்பில் விளம்பரத்தைக் காட்டினான். பட்டுக்கோட்டையிலிருந்து போட்டிருந்தார்கள். "வெளிநாடு செல்வதால் விற்பனை. மிக நல்ல நிலை." படத்தில் மெஷின் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"போலீஸ்ல குடுத்துடலாம் மேடம். இல்லன்னா இதே ஆப்ல திருப்பிப் போட்டுத் தள்ளிடலாம். வந்த வரைக்கும் லாபம்" என்றார் சொந்தக்காரர் ஒருவர்.

நான் குமரேசனிடம் வயர் வெட்டுகிற கட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். அவன் எடுத்து வந்து கொடுத்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒயரை அடியோடு வெட்டினேன். சொந்தக்காரருக்கு என் மேல் கோபம். இருந்துவிட்டுப் போகட்டும்.

மெஷினை விற்றவருக்குக் குமரேசன் அனுப்பிய செய்தி எதற்கும் பதில் வரவில்லை. அவன் போனை வாங்கி நான் எழுதினேன்: "பணம் கேட்கவில்லை. மெஷினில் தண்ணீர் பட்டதா என்று மட்டும் தெரிய வேண்டும். நோயாளி உயிர் சம்பந்தப்பட்டது." என் நம்பரையும் போட்டேன். ஆப் அதை நட்சத்திரமாக்கிவிட்டது. ஆட்கள் நேரில் பேசிக்கொண்டால் ஆப்காரர்களுக்கு வரும்படி போய்விடுமாம். நம்பரை ஒவ்வொரு எண்ணாகத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பினேன். அது போயிற்று.

சரோஜாம்மாவுக்கு நிஷா மூலமாகச் சோதித்துப் பார்த்த மெஷின் ஒன்றை வாடகைக்கு ஏற்பாடு செய்தோம். சாயங்காலம் பச்சை விளக்கு எரிவதை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கும்பகோணத்துக்குத் திரும்பினேன்.

மறுநாள் சமையலறையில் இருந்தபோது போன் வந்தது. ஒரு பெண் குரல். பின்னால் தேங்காய் உரிக்கிற சத்தம் கேட்டது.

"மேடம், நான் பவானி. பட்டுக்கோட்டையிலேர்ந்து பேசறேன். பணத்தைத் திருப்பித் தர முடியாதுங்க. செலவாயிடுச்சு. சத்தியமா நல்லா ஓடுன மெஷின்தாங்க."

வியாபாரி இல்லை. அந்தக் குரலிலேயே தெரிந்தது. நேற்று முழுக்க மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த திட்டுகளெல்லாம் நாக்கிலேயே நின்றுவிட்டன.

"பணம் வேண்டாம்மா. அதுல தண்ணி பட்டுச்சா?"

"அழுக்கெல்லாம் இல்லைங்க. சுத்தமாத்தான் அனுப்பினோம். மாமா காரியம் முடிஞ்சதும் அவர் பொழங்குன சாமான் அத்தனையும் வெளிய போட்டுக் கழுவினோம். கட்டில், சேர், இந்த மெஷின் எல்லாந்தான். பைப்பை வச்சு அடிச்சு, மஞ்சத் தண்ணி தெளிச்சு, வெயில்ல வச்சு எடுத்தோம்."

"வெளிநாடு போறதா போட்டிருந்தீங்களே?"

"செத்துப்போனவங்க சாமான்னு போட்டா யாருங்க வாங்குவா?" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "தப்புதாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் போய்விட்டது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தீட்டுக் கழிய எல்லாவற்றையும் கழுவுகிற வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. அவள் செய்ததும் அதேதான். தண்ணீர் பட்டதால் மெஷின் கெட்டுவிட்டது, அதனால் இந்த அம்மாவுக்கு வெறும் காற்றுதான் போயிற்று என்று விளக்கினேன். அவள் பதறிப்போய், "ஐயோ, அவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். தேறிவிட்டார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆறுதலாக இருக்கட்டுமே என்று இன்னொன்றும் சொன்னேன்: "நீங்க கடைசியிலதானே கழுவினீங்க. உங்க மாமா இருந்த வரைக்கும் மெஷின் ஒழுங்கா ஓடியிருக்கும்மா."

அவள் எழுந்து தள்ளிப்போனாள் போலிருக்கிறது, தேங்காய் உரிக்கிற சத்தம் குறைந்தது.

"மேடம், நாங்களும் அதை ஆப்லதான் வாங்கினோம்" என்றாள். "வந்த அன்னிக்கே கழுவிட்டுத்தான் மாமாவுக்கு வச்சேன். யார் மூக்குல வச்சதோ, என்ன சீக்கோன்னு. நாந்தான் கழுவினேன். ஈரம் காயட்டும்னு கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டேன்."

அடுப்பை அணைத்தேன். உட்கார்ந்தேன். ஈரத்தோடு ஓடவிட்டால் மெஷின் அந்தத் தண்ணீரைத்தான் முதலில் உறிஞ்சும்.

"ஆனா லைட் எரிஞ்சுச்சே மேடம்" என்றாள் அவசரமாக. "மஞ்ச லைட்டு. அது எரிஞ்சா நல்லா ஓடுதுன்னுதானே அர்த்தம்? கெட்டுப்போனா செவப்பு லைட்டுல்ல வரும்? நான் தூங்காம எந்திரிச்சு எந்திரிச்சு அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். மஞ்சளா இருக்கு, மஞ்சளா இருக்குன்னு."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இவள் நிம்மதியாக இருக்கட்டும். ஆனால் நாளைக்கு அவள் வீட்டில் இன்னொருவருக்கு மெஷின் வந்தால், மறுபடியும் மஞ்சளைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவாள். "அது எரியக் கூடாதும்மா" என்றேன். அவருக்கு வியாதி முற்றியிருந்திருக்கும், மெஷினால் மட்டும் எதுவும் ஆகியிருக்காது என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை நான் நம்பினேனா என்று கேட்டால் தெரியவில்லை. அவள் அழவில்லை. "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்ல மேடம்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்குத் தலைவலி என்றேன். சொன்னது சரியா தப்பா என்று அவரிடம் கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

அவள் இனி கூப்பிட மாட்டாள் என்று நினைத்தேன். சில நாள் கழித்துக் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது, ஏதோ வேலை நடுவில் பேசுகிறவள் மாதிரி.

"மேடம், அதே மெஷின் ஆப்ல எத்தனை கெடக்கு பாத்தீங்களா? ஒவ்வொருத்தருக்கா மெசேஜ் போட்டேன், கழுவினீங்களான்னு கேட்டு. மதுரை, சேலம்னு எல்லா ஊருக்கும். ஒரே மெசேஜைத் திருப்பித் திருப்பி அனுப்பறேன்னு சொல்லி என் அக்கவுண்ட்டை முடக்கிட்டாங்க. சந்தேகத்துக்குரிய நடவடிக்கையாம்."

"நான் வேணா ஆப்காரங்களுக்கு எழுதிப் பாக்கறேம்மா."

"எழுதிட்டேங்க. நன்றின்னு ஒரு பதில் வந்துச்சு. அது தானா வர்ற பதில்." கொஞ்சம் தயங்கினாள். "உங்க அக்கவுண்ட்லேர்ந்து அனுப்பலாங்களா மேடம்? நான் பாக்கி இருக்கறதைச் சொல்றேன்."

அன்றிலிருந்து இதுதான் என் வேண்டாத வேலை. அவள் தேடிச் சொல்வாள், நான் அனுப்புவேன். ஒரே மாதிரி எழுதினால் என்னையும் முடக்கிவிடுவார்கள் என்று வார்த்தையை மாற்றி மாற்றி எழுதுகிறேன். சிலர் பதில் போடுவதில்லை. சிலர் திட்டுகிறார்கள். ஒருவர் மட்டும் விளம்பரத்தை எடுத்துவிட்டு நன்றி சொன்னார்.

இதை எழுதி முடிக்கும் முன்னால்கூட ஒன்று பார்த்தேன். படத்தில் மெஷின் முற்றத்து வெயிலில் நிற்கிறது, அத்தனை வெள்ளையாக. "தண்ணீர் ஊற்றிக் கழுவினீர்களா?" என்று கேட்டேன். எதிர்ப்பக்கம் எழுதுகிறார்கள் என்று மூன்று புள்ளிகள் ஓடின. பிறகு பதில் வந்தது.

"ஆமாங்க, நல்லா சுத்தமா கழுவித்தான் வச்சிருக்கோம். எப்ப எடுத்துக்கறீங்க?"